கோணல் விறகைப் பிளப்பதும் அடுக்குவதும்: கேள்வி பதில்

அண்ணா, வேலியோரம் வெட்டிய சீமைக்கருவேலம் குவிந்து கிடக்கிறது. ஒன்று கை மொத்தம், ஒன்று தொடை மொத்தம், எல்லாமே கோணல். எங்கே தொடங்குவது?

முதலில் முள்ளைச் சீவிவிடுங்கள் தம்பி. காய்ந்த கருவேல முள் செருப்பையும் துளைக்கும். மணிக்கட்டு மொத்தம்வரை உள்ளதைப் பிளக்க வேண்டாம், அடுப்பு நீளத்துக்கு நறுக்கினால் போதும். பருத்ததைப் பச்சையிலேயே பிளந்துவிடுங்கள். காய்ந்து வைரம் இறுகிவிட்டால் கோடாலி துள்ளும்.

கணு உள்ள கட்டையில் கோடாலி மாட்டிக்கொள்கிறதே?

நடுவில் போடுவதால்தான். கட்டையின் முகத்தில் வெடிப்பு ஓடியிருந்தால் அதன் வழியே போங்கள், மரமே காட்டும் பாதை அது. இல்லையென்றால் கணுவை விட்டு விலகி, ஓரத்திலிருந்து ஒவ்வொரு பிளாச்சாகக் கழற்றிக்கொண்டே வாருங்கள். கடைசியில் கணு மட்டும் மிஞ்சும். அதோடு மல்லுக்கட்டாதீர்கள், முழுசாகவே காயட்டும். வெந்நீர் அடுப்பில் வைத்தால் நெடுநேரம் கணகணவென்று கிடக்கும். எனக்கு மிகப் பிடித்த விறகு அதுதான்.

கவைக்கட்டை, அதாவது இரண்டாகக் கிளை பிரிந்த கட்டை என்றால் தலைகீழாக நிறுத்தி, அடிமரப் பக்கத்திலிருந்து போடுங்கள். அப்படியும் மசியாவிட்டால் இரும்பு ஆப்பு இறக்குங்கள். மாட்டிய கோடாலியின் பின்தலையில் மட்டும் சம்மட்டியால் அடிக்கவே கூடாது. காம்பு நுழையும் துளை விரிந்து, இன்னொரு நாள் தலை கழன்று பறக்கும்.

நான் அடுக்கினால் இரண்டே நாளில் சரிந்துவிடுகிறது, அண்ணா.

நேரான பிளாச்சுகளை முதலிலேயே தனியாக எடுத்து வையுங்கள், தங்கச்சி. இரண்டு முனைகளிலும் அவற்றைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துத் தூண்போல் எழுப்புங்கள். கோணல் எல்லாம் நடுவில் போகட்டும். ஒவ்வொன்றையும் ஆடாமல் உட்காரும்வரை புரட்டிப் பாருங்கள். கவையும் கணுவும் உச்சிக்கு. சந்துகளில் சுள்ளியைத் திணிக்காதீர்கள், காற்று நுழைந்தால்தான் விறகு காயும். கறையான் ஏறாமலிருக்க அடியில் செங்கல் வையுங்கள், சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி. இடுப்புயரம் போதும், குழந்தைகள் நடமாடும் வீடு.

மழைக்குத் தார்ப்பாய் சுற்றலாமா?

மேலே மட்டும் போடுங்கள். பக்கத்தையும் மூடினால் உள்ளே புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும். தை, மாசியில் பிளந்து வைத்தால் ஐப்பசி மழைக்குள் நன்றாகக் காய்ந்துவிடும்.

காய்ந்ததா என்று எப்படித் தெரியும்?

இரண்டு துண்டுகளைத் தட்டுங்கள். கணீரென்றால் காய்ந்தது, தொப்பென்றால் ஈரம்.

வேலியில் வெட்டிய அரளியையும் சேர்த்து எரிக்கலாமா?

வேண்டவே வேண்டாம். அதன் புகையும் நஞ்சு. அடுக்கில் கலந்திருந்தால் இன்றைக்கே பொறுக்கி எடுத்துவிடுங்கள். தேள் இருக்கும், வெறுங்கையை உள்ளே விடாதீர்கள்.