பெர்த்தில் பார்த்த வெள்ளை வால் கறுப்புக் காக்கட்டூ: கார்னபியா, போடினா?

ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் மாரி மரத்தில் (ஒரு வகை யூகலிப்டஸ் இன மரம்) பார்த்த காக்கட்டூக் கிளியின் படத்தை அனுப்பி, அது கார்னபி இனமா, போடின் இனமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாலை வைத்துப் பிரிக்க முடியாது. இரண்டுக்கும் வெள்ளைப் பட்டைதான். அலகைப் பாருங்கள். மேல் அலகின் நுனி நீண்டு, ஒல்லியாக இருந்தால் போடின். அலகு குட்டையாக, அகலமாக இருந்தால் கார்னபி.

படத்தில் அலகு வெளிறியும் கண் வளையம் சாம்பலாகவும் இருப்பதால் வேறு இனமோ என்று குழம்பியிருக்கிறீர்கள். அது பெண் பறவை அல்லது இளம் பறவை, அவ்வளவுதான். இரண்டு இனத்திலும் வளர்ந்த ஆணுக்குக் கறுத்த அலகு, இளஞ்சிவப்பு வளையம்.

படம் தெளிவாக இல்லையென்றால், அது உட்கார்ந்திருந்த மாரி மரத்தடியில் தின்று போட்ட காய்களைப் பொறுக்கிப் பாருங்கள். படத்தைவிட இதையே நான் நம்புவேன்:

1. காயின் வாய் விளிம்பு ஏறக்குறைய சேதமில்லாமல், வெளிப்பக்கம் மட்டும் கீழலகு அழுந்திய தடம் இருந்தால் போடின். நீண்ட நுனியை உள்ளே விட்டு விதையைத் தோண்டி எடுக்கும்.
2. விளிம்பைச் சுற்றிக் கடித்திருந்தால் கார்னபி.
3. ஒரு பக்கமே பெயர்ந்து போயிருந்தால் செவ்வால் காக்கட்டூவாக இருக்கலாம்.

இடமும் உதவும். கார்னபி கோதுமை வயல் பகுதியில் வாண்டூ, சால்மன் கம் மரப்பொந்துகளில் குஞ்சு பொரித்துவிட்டு, கடற்கரையோர பாங்சியா காடுகளுக்கு வரும். பைன் கூம்பைக் கிழித்துக்கொண்டிருந்தால் பெரும்பாலும் இதுதான். போடின் ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையில் உள்ள ஜாரா, காரி, மாரி மரக்காடுகளின் பறவை. குளிர்காலத்தில் பெர்த்தை ஒட்டிய டார்லிங் மலைத்தொடர்ப் பக்கம் வரும்.

ஆனால் இரண்டும் கலந்த கூட்டமும் உண்டு, இளம் போடினுக்கு அலகு குட்டை. ஒரே பறவையை வைத்து முடிவு கட்டாதீர்கள்.