ஐந்து வீடு எடுக்கலாமா?

கேள்வி: ஐயா, கொத்தனாராக இருந்து காண்ட்ராக்டர் ஆனவன் நான். சதுர அடி ரேட்டில் பொருளோடு சேர்த்து வீடு கட்டித் தருகிறேன். ஒரே நேரத்தில் இரண்டு வீடு ஓடும். வேலைக்குப் பஞ்சமில்லை, ஆனால் சாவி கொடுக்கும்போது கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. கடன் வாங்கி கான்கிரீட் மிக்சர், செண்ட்ரிங் சாமான் (கான்கிரீட் இறுகும்வரை தாங்கும் தகடு, முட்டு) எல்லாம் சொந்தமாக்கி ஐந்து வீடு எடுத்தால் தொழில் வளருமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். இரண்டு வீட்டிலேயே காசு எங்கே போகிறது என்று பிடிபடவில்லை, ஐந்து எடுத்தால் கூடவே கடனும் சேரும், அவ்வளவுதான். மாதத்துக்கு ஒரு விஷயம் என்று எடுத்து அதை மட்டும் சரி செய்யுங்கள்.

முதலில் கம்பி. ஒரு கம்பி 12 மீட்டர், அதாவது 40 அடிக்குச் சற்றுக் குறைவு. தளத்துக்கு 11 அடியாக மூன்று வெட்டினால் 6 அடிக்கு மேல் மிச்சம், கம்பியில் ஆறில் ஒரு பங்கு. அது மூலையில் கிடந்து, நாலு நாளில் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும் (டீ செலவுக்கு என்பார்கள்). அதே துண்டில் மாடியில் வரும் 9 அங்குலத் தூணுக்கு, நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் இரண்டு வளைக்கலாம். வெட்டுவதற்கு முந்தின ராத்திரி எந்த நீளம் எத்தனை என்று ஒரு தாளில் எழுதி, பெரியதை முதலில் வெட்டச் சொல்லி, மிச்சத்தை நீளவாரியாக அடுக்கி வைத்தால் போதும்.

சிமென்ட்டைப் பலகை மேல் அடுக்குவதெல்லாம் உங்களுக்கே தெரியும். தண்ணீரைக் கவனியுங்கள். சிமென்ட், மணல், ஜல்லி 1:1½:3 கலவைக்கு ஒரு மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. போடச் சுலபமாக இருக்கட்டும் என்று குடம் குடமாக ஊற்றிவிட்டு, வருடம் கழித்து விரிசல், ஒழுகல் என்று கூப்பிட்டால் ஓசியில் போய்ப் பூசிக் கொடுப்பது யார்?

ஆனால் என் சந்தேகமெல்லாம் வேறு இடத்தில். வீட்டுக்காரர் காபியைக் கொடுத்துவிட்டு, "மேஸ்திரி, அப்படியே ஒரு பரண் போட்டுடுங்க, சமையல் மேடையை ரெண்டடி நீட்டிடுங்க" என்பார், நீங்களும் முகத்துக்காகத் தலையாட்டுவீர்கள், கடைசியில் காசு கேட்டால் "பேசின ரேட்டிலேயே அடக்கம்தானே" என்று சண்டை. எது ரேட்டில் சேரும், எது தனி என்று தொடக்கத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கூடுதல் வேலை என்றால் அன்றைக்கே தொகையை வாட்ஸ்அப்பில் அனுப்பி, அவர் 'சரி' என்று போட்ட பிறகே செங்கல்லைத் தொடுங்கள். பணமும் பேஸ்மென்ட் (தரைக்கு மேல் எழுப்பும் அடிமேடை), லிண்டல் (கதவு, ஜன்னல் மேல் வரும் கான்கிரீட்), தளம், பூச்சு என்று ஒவ்வொன்றும் தொடங்குமுன் வரட்டும். அப்புறம், ஒரு வீட்டு அட்வான்ஸில் இன்னொரு வீட்டுக்குச் சிமென்ட் வாங்குகிற பழக்கம் இருந்தால் (இருக்கும்!) வீட்டுக்கு ஒரு நோட்டு போடுங்கள்.

இப்படி இரண்டு வீட்டை முடித்து, கம்பிக்கு எவ்வளவு, சிமென்ட்டுக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு என்று நோட்டைப் பார்த்துச் சொல்ல முடிந்தால் மூன்றாவதை எடுங்கள். அப்போதும் மிக்சர் வாடகைக்கே போதும், மாதத்தில் சில நாள்தான் ஓடும். சொந்தமாக வாங்குவதானால் செண்ட்ரிங் தகடு வாங்குங்கள், அதுதான் தளம் போட்ட பிறகும் நாள் கணக்கில் மாட்டிக்கொண்டு வாடகையைத் தின்கிறது.