டவர் ஆஃப் லண்டனும் பரோ மார்க்கெட்டும்: பெற்றோருடன் ஒரே நாளில் பார்க்க முடியுமா?

கேள்வி: பெற்றோரை லண்டனுக்கு அழைத்துச் செல்கிறேன். டவர் ஆஃப் லண்டன் கோட்டையையும் பரோ மார்க்கெட் உணவுச் சந்தையையும் ஒரே நாளில் காட்ட நினைக்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி. அம்மா முட்டைகூடச் சாப்பிடாத சைவம். எங்களுக்குத் திங்கட்கிழமைதான் வசதி. எதை முதலில் பார்ப்பது?

பதில்: முதலில் அந்தத் திங்கட்கிழமையை மாற்றிவிடுங்கள். பரோ மார்க்கெட்டுக்கு அன்று விடுமுறை. சனிக்கிழமையும் வேண்டாம். அன்றைய நெரிசலில் முழங்கால் வலியோடு ஒருவரை நிற்கவைப்பது பாவம். செவ்வாய் முதல் வியாழன் வரை ஏதாவது ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள்.

காலையில் கோட்டை, பிற்பகலில் சந்தை. இந்த வரிசையை மாற்ற வேண்டாம். கோட்டையில் கூட்டம் நேரம் ஆக ஆக ஏறும். சந்தையிலோ மதிய உணவு வேளை தாண்டினால் குறையும். கோட்டை டிக்கெட் ஒருவருக்கு 30 பவுண்டுக்கு மேல் ஆகும் என்பதால் இணையத்தில் முன்பே வாங்கி, கதவு திறக்கும்போதே போய்விடுங்கள். டவர் ஹில் ரயில் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது.

உள்ளே நுழைந்ததும் நேராக அரச ஆபரணங்கள் இருக்கும் கட்டடத்துக்குப் போங்கள். பதினொரு மணிக்கு மேல் போனால் வெளியே நீண்ட வரிசையில் நிற்க நேரலாம். உங்கள் பெற்றோர் தேடப்போவது கோஹினூரைத்தான். பஞ்சாபை ஆங்கிலேயர் இணைத்துக்கொண்ட 1849-இல், அதன் அரசராக இருந்த பத்து வயதுச் சிறுவன் துலீப் சிங்கிடம் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி எடுத்துக்கொண்ட வைரம் அது. 1852-இல் லண்டனில் மறுபடியும் பட்டை தீட்டியபோது எடையில் 40 சதவீதத்துக்கு மேல் இழந்து, இன்று 105.6 காரட்டாக நிற்கிறது. அங்கே இருப்பவற்றில் பெரியது அதுதான் என்று நம்பிப் போகிறவர்களுக்கு ஏமாற்றம் காத்திருக்கிறது: செங்கோலில் பதித்த கல்லினன் வைரம் 530 காரட். படம் எடுக்க அனுமதி இல்லை. கிரீடங்களின் அருகே நகரும் நடைபாதை இருப்பதால் அப்பாவுக்குச் சிரமம் குறைவு.

அடுத்து, யோமன் வார்டர்கள் எனப்படும் கோட்டைக் காவலர்கள் அழைத்துச் செல்லும் சுற்று. இதற்குத் தனிக் கட்டணம் இல்லை. இவர்கள் படையில் 22 ஆண்டுகளாவது பணியாற்றியவர்கள். கோட்டைக்குள்ளேயே குடும்பத்தோடு வசிக்கிறார்கள். 1536-இல் அரசர் எட்டாம் ஹென்றியின் மனைவி ஆன் போலின் தலை வெட்டப்பட்ட கதையைக்கூடச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார்கள். பெரும்பகுதி நின்றுகொண்டே கேட்க வேண்டியது. தரையும் கரடுமுரடான கல். அப்பா பாதியில் விலகி ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

வெள்ளைக் கோபுரம்தான் சிக்கல். அரசர் முதலாம் வில்லியம் 1070-களில் கட்டத் தொடங்கிய இதுதான் கோட்டையின் மூத்த கட்டடம். உள்ளே குறுகலான சுழல்படிகள். அப்பாவை ஏற்ற வேண்டாம். நீங்களும் அம்மாவும் மாறி மாறிப் போய் எட்டாம் ஹென்றியின் கவசங்களையும் செயின்ட் ஜான் தேவாலயத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஒன்றரை மணி வாக்கில் கிளம்பினால் போதும். இடையில் பசிக்காமல் இருக்கக் கையில் ஏதாவது வைத்திருங்கள். 1894-இல் திறக்கப்பட்ட டவர் பாலத்தைக் கடந்து, தென்கரையோடு மேற்கே நடந்தால் சுமார் அரை மணி நேரத்தில் சந்தை. வலி அதிகமாக இருந்தால் டாக்சி பிடிப்பதே நல்லது. ரயிலில் போனால் மாறி ஏறும் நடையே முழங்காலை வாட்டிவிடும்.

ரயில் பாலங்களுக்கு அடியில் இருக்கும் இந்தச் சந்தை, இதே இடத்தில் 1756 முதல் நடக்கிறது. அம்மாவுக்காக நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பிரிட்டனில் 'வெஜிடேரியன்' என்று எழுதியிருந்தால் முட்டை இருக்கலாம். 'வீகன்' என்று கேட்டு வாங்கினால் முட்டையும் இருக்காது, பாலும் இருக்காது. பால் பொருள் பரவாயில்லை என்றால் "முட்டை இல்லையே?" என்று தனியாகக் கேளுங்கள். பாலாடைக்கட்டியில் இன்னொரு வில்லங்கம்: பழைய முறையில் செய்யும் பல வகைகளில், பாலை உறையவைக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட்டைச் சேர்க்கிறார்கள். பார்மெசான் என்ற இத்தாலியப் பாலாடைக்கட்டியில் அது கட்டாயம். காளான் ரிசோட்டோ என்ற அரிசி உணவில் பார்மெசான் தூவுவது வழக்கம் என்பதால், பார்க்கச் சைவமாகத் தெரியும் அந்தத் தட்டையும் விசாரிக்காமல் வாங்காதீர்கள். கடைக்காரர்கள் முகம் சுளிக்காமல் பதில் சொல்வார்கள்.

உட்கார இடம் அரிது. முதலில் அப்பாவுக்கு ஓர் இருக்கை பிடித்துக் கொடுத்துவிட்டு நீங்கள் போய் வாங்கி வாருங்கள். சாப்பிட்டபின் ஒட்டியே இருக்கும் சதர்க் பேராலயத்தில் கட்டணமின்றி உட்கார்ந்து இளைப்பாறலாம். கடைகள் ஐந்து மணிக்கு மூடும். அதற்கு முன்பே பல அடுப்புகள் அணைந்துவிடும். வீட்டுக்கு ரொட்டி, பழம் வாங்குவதானால் நான்கு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். திரும்புவதற்கு லண்டன் பிரிட்ஜ் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது.