கையெழுத்துப் போடாதீர்கள், தம்பி

ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் பதினான்கு மாத வேலை. ஆட்குறைப்பு என்று சொல்லி மனிதவளத் துறையினர் ஓர் ஒப்பந்தத்தை நீட்டி, கையெழுத்துப் போட்டால் இரண்டு மாதச் சம்பளம் கூடுதலாகத் தருகிறோம் என்கிறார்கள். அரசிடம் வேலையிழப்புத் தொகை கேட்டால் ப்ளூ கார்டுக்கு, அதாவது இங்கே தங்கி வேலை பார்க்கத் தந்த அனுமதிக்கு, ஆபத்தா, எவ்வளவு வரும், பேசாமல் கனடாவுக்குப் போய்விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கனடா இருக்கட்டும் தம்பி, அது ஓடிப்போகாது. முதலில் அந்தத் தாளைப் பேசுவோம்.

அதில் கையெழுத்துப் போடாதீர்கள். சென்னையிலும் பெங்களூரிலும் நமக்கு ஒரு பழக்கம் ஏற்றிவிட்டார்கள்: ‘நீங்களே ராஜினாமா கொடுத்துவிடுங்கள், ரிலீவிங் லெட்டரை நல்லபடியாகத் தருகிறோம்’ என்பார்கள், நாமும் மானம் காப்பாற்றப்பட்டதாக நினைத்து எழுதிக் கொடுத்துவிடுவோம். இங்கே அது பெரும் இழப்பு. நீங்களாக விலகினாலும், ‘ஆவுஃப்ஹேபுங்ஸ்ஃபெர்ட்ராக்’ எனப்படும் அந்தப் பரஸ்பர ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டாலும், வேலையை விட்டது நீங்கள்தான் என்றே இந்தத் தொகையைத் தரும் அரசு வேலைவாய்ப்பு அலுவலகமான அகென்டூர் பொதுவாக எடுத்துக்கொள்ளும். 12 வாரங்களுக்குத் தொகை வராது. பிற்பாடு சேர்த்துத் தருவார்கள் என்றும் நம்ப வேண்டாம். அந்த வாரங்கள் உங்கள் உரிமைக் காலத்திலிருந்தே கழிந்துபோகும். அவர்கள் தரும் இரண்டு மாதச் சம்பளத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், யாருக்கு லாபம் என்று புரியும். சில விதிவிலக்குகள் உண்டு. அவை உங்களுக்குப் பொருந்துமா என்பதைத் தொழிலாளர் சட்ட வழக்கறிஞர் சொல்லட்டும், மனிதவள அதிகாரி சொல்ல வேண்டாம். ‘வீட்டுக்கு எடுத்துச் சென்று படிக்கிறேன்’ என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. இன்றே போட்டால்தான் உண்டு என்று அவசரப்படுத்தினால் இன்னும் எச்சரிக்கையாக இருங்கள்.

நீக்குவதென்றால் அவர்களே நீக்கட்டும். அந்தக் கடிதம் காகிதத்தில், பேனாவால் இட்ட கையெழுத்துடன் வர வேண்டும். மின்னஞ்சலில் வந்தால் செல்லாது. கையில் கிடைத்த நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகலாம். அந்தக் கெடு தாண்டிவிட்டால் நீக்கம் நியாயமற்றதாக இருந்தாலும் அநேகமாக ஒன்றும் செய்ய முடியாது. இந்த இடத்தில் என் நெடுநாள் மனக்குறை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டுட்கார்ட்டில் வாகனத் துறையில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளில் பலர் ஐ.ஜி. மெட்டால் என்ற தொழிற்சங்கத்தில் சேர மறுக்கிறார்கள். தொழிற்சங்கம் ஸ்பேனர் பிடிப்பவர்களுக்கு, நாம் பொறியாளர்கள் என்று ஒரு நினைப்பு. பக்கத்து மேசை ஜெர்மானியப் பொறியாளர் உறுப்பினராக இருக்கிறார். நீக்கக் கடிதம் வந்தால் சங்கத்தின் வழக்கறிஞர் அவருக்காகப் பேசுகிறார். நம் பிள்ளை வாட்ஸ்அப் குழுவில் சட்டம் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

அடுத்து, பதிவு. வேலை போகப்போகிறது என்று உறுதியாகத் தெரிந்த மூன்று நாளுக்குள் அகென்டூரில் வேலை தேடுபவராகப் பதிந்துகொள்ளுங்கள். கடைசி நாளுக்கு இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் இருந்தால், அந்த மூன்று மாதம் தொடங்குவதற்குள் பதிந்தால் போதும். தாமதித்தால் ஒரு வாரத் தொகை போகும். இது ஒரு பதிவு. வேலையில்லாத முதல் நாளுக்குள் வேலையற்றவர் என்று தனியாக இன்னொரு பதிவு செய்ய வேண்டும். ஒன்றைச் செய்துவிட்டு இரண்டும் முடிந்ததாக நினைத்துப் பணத்தை இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

எவ்வளவு வரும் என்பது எளிது: கைக்கு வரும் சம்பளத்தில் ஏறக்குறைய 60 விழுக்காடு, குழந்தை இருந்தால் 67. பதினான்கு மாதம் காப்பீடு கட்டியவருக்கு ஆறு மாதம் கிடைக்கும். மருத்துவக் காப்பீடும் தொடரும்.

ப்ளூ கார்டு பற்றிய பயத்துக்குக் காரணம் நம் ஆட்கள் இரண்டு வேறு விஷயங்களைக் குழப்புவதுதான். நீங்கள் கேட்கப்போவது ‘அர்பைட்ஸ்லோசன்கெல்ட்’. அது காப்பீடு. மாதாமாதம் உங்கள் மொத்தச் சம்பளத்தில் 1.3 விழுக்காடு அதற்காகப் பிடித்தார்கள், நிறுவனமும் அதே அளவு கட்டியது. ஜாப்சென்டர் என்ற இன்னோர் அலுவலகம் தரும் உதவி வேறு. அது வரிப்பணம், அதைக் கேட்டால் விசாவில் சிக்கல் வரலாம். இரண்டையும் ‘சோசல்’ என்று ஒரே பெயரில் அழைத்து, அதை வாங்குவது கேவலம் என்று பேசுகிறவர்கள் கோயில் திருவிழாவிலும் இருக்கிறார்கள், பொங்கல் விழாவிலும் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டு மூன்று மாதம் சேமிப்பைக் கரைத்த ஒரு குடும்பத்தை நான் பார்த்தேன். கட்டிய பணத்தைக் கேட்பதில் என்ன கேவலம்? ஆனால் வேலை முடிந்துவிட்டதை வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு இரண்டு வாரத்துக்குள் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். ஒளிந்துகொள்வதுதான் ஆபத்து.

நான் 2001இல், கணினி வல்லுநர்களுக்காக ஜெர்மனி கொண்டுவந்த கிரீன் கார்டு திட்டத்தில் வந்தவன். 2000இல் அதை அறிவித்தபோது இருபதாயிரம் பேர் வரை எடுப்போம் என்றார்கள். எங்களை எதிர்த்து, இந்தியரை அழைக்காமல் நம் பிள்ளைகளையே படிக்கவைப்போம் என்ற பொருளில், ‘இந்தியர்களுக்குப் பதில் குழந்தைகள்’ என்று தேர்தல் முழக்கமும் எழுந்தது. அடுத்த ஆண்டே கணினித் துறை சரிந்தது, 2002இல் எனக்கு வேலை இல்லை. அப்போது வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு அர்பைட்ஸாம்ட் என்று பெயர். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பேசிய சுவாபிய ஜெர்மனில், இந்த வட்டாரப் பேச்சில், ஒரு சொல் எனக்கு விளங்கவில்லை. எனக்காகப் பேசியவர் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர். இரவு முழுக்க உணவகச் சமையலறையில் நின்றுவிட்டுக் காலையில் தூங்காமல் என்னோடு வந்தார். அகதி விண்ணப்பம் நிலுவையில் இருந்த காலத்தில் அனுமதியில்லாமல் மாவட்டத்தைத் தாண்டக்கூடாது என்ற விதிக்குள் வாழ்ந்தவர். ஒவ்வொரு தாளையும் துளைபோட்டுக் கோப்பில் வரிசையாக வைக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். பட்டம் வாங்கி விமானத்தில் வந்த நம்மவர்கள் இன்றும் அவரைப் போன்றவர்களிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இந்த நாட்டின் அலுவலகங்களை நமக்கு முன்பே படித்துத் தேர்ந்தவர்கள் அவர்கள். பிறகு நான் மாலை வகுப்பில் ஜெர்மன் படித்தேன். இப்போது அதே மேசைகளுக்கு மற்றவர்களோடு நான் போகிறேன், உங்களோடும் வருவேன்.

பொங்கலுக்கு ஊருக்கு டிக்கெட் எடுத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தொகை வாங்கும் காலத்தில் ஆண்டுக்கு மூன்று வாரம்வரை வெளியூர் போகலாம், ஆனால் உங்கள் ஆலோசகர் முன்கூட்டியே சம்மதிக்க வேண்டும். கேட்காமல் போனால் அந்த நாள்களுக்கான பணத்தைத் திரும்பக் கேட்பார்கள். தேதிகளை எழுதி இப்போதே கேளுங்கள், அவர்கள் அனுப்பும் பதிலை அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள்.