சிவப்பையும் ஐஸ்பெட்டியில் வையுங்கள்: வைன் கேள்வி பதில்

கோலாலம்பூர் ஓட்டல்களில் இருபது வருடத்துக்கு மேல் வைன் ஊற்றிக் கொடுத்தவன் நான். புதிதாகச் சுவைத்துப் பார்க்க நினைப்பவர்கள் கேளுங்கள். குடிக்காதவரைக் குடிக்கச் சொல்ல வரவில்லை. மலிவு விலையில் பெட்டி பிடித்துத் தரவும் மாட்டேன்.

செந்தூல் தம்பி: அண்ணே, பீர் மட்டும்தான் பழக்கம். ஒரு கல்யாண விருந்துல சிவப்பு வைன் குடுத்தாங்க, வாயெல்லாம் காஞ்சு போச்சு. எங்கேருந்து ஆரம்பிக்கிறது?

வாய் காய்ந்தது உங்கள் தப்பில்லை தம்பி. அது டானின், திராட்சைத் தோலிலும் விதையிலும் இருக்கிற துவர்ப்பு. அடுப்பில் மறந்துபோன தேத்தண்ணியில் வருமே, அதே சாதி. சிவப்பு வைனைத் தோலோடு புளிக்க வைக்கிறார்கள். வெள்ளைக்கு முதலிலேயே சாற்றைப் பிழிந்து தோலை ஒதுக்கிவிடுகிறார்கள். அதனால் வெள்ளையில் தொடங்குங்கள்.

முதல் போத்தல் ரீஸ்லிங். ஜெர்மனியில் மோசல் ஆற்றுப் பக்கம் விளைந்ததாகப் பாருங்கள். லேபிளில் 'காபினெட்' என்றும், ஆல்கஹால் 8 அல்லது 9 சதவீதம் என்றும் இருந்தால் இனிப்பு இருக்கும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்றுதான் ஆல்கஹால் உண்டாகிறது. பாதியில் நிறுத்திவிட்டால் சர்க்கரை மிச்சம், ஆல்கஹால் குறைச்சல். அதே ரீஸ்லிங்கில் 12 சதவீதத்துக்கு மேல் போட்டிருந்தாலோ, 'ட்ரோக்கன்' என்று எழுதியிருந்தாலோ இனிப்பை எதிர்பார்க்காதீர்கள். கடைக்காரப் பையன் சொல்வதைவிட அந்தச் சின்ன எண் நம்பிக்கையானது.

அடுத்தது நியூசிலாந்து மார்ல்பரோவின் சோவிஞோன் பிளாங்க். இனிப்பில்லை, நல்ல புளிப்பு, கொய்யா வாசம். பினாங்கு ஆசாம் லக்சாவோடு குடித்துப் பாருங்கள்; புளிப்பான சாப்பாட்டுக்குப் புளிப்பு குறைந்த வைன் சப்பென்று இருக்கும், இது நிற்கும். மூன்றாவதாகத்தான் சிவப்பு, அதுவும் பினோ நுவார். மெல்லிய தோல், துவர்ப்பு குறைவு. நாலு பேர் பங்கு போட்டு வாங்கினால் பை கடிக்காது.

சிவப்பையும் அரை மணி நேரம் ஐஸ்பெட்டியில் வைத்துவிட்டு ஊற்றுங்கள். 'அறை வெப்பத்தில் பரிமாறவும்' என்று சொல்லிவைத்தவர்கள் ஐரோப்பாவில் கல்வீட்டில், 16, 18 டிகிரியில் உட்கார்ந்திருந்தவர்கள். நம் கூடத்தில் 30.

பட்டர்வொர்த் அக்கா: எது ஸ்வீட்டா இருக்கும்?

மொஸ்காட்டோ டாஸ்டி. இத்தாலியின் பியட்மான்ட் பகுதி. ஆல்கஹால் 5 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும், லேசாக நுரைக்கும். நன்றாகக் குளிரவைத்துக் குடியுங்கள் அக்கா.

காஜாங் மாணவர்: எனக்கு 19 வயது. பட்ஜெட் 40 வெள்ளி.

2017 டிசம்பரிலிருந்து இந்த நாட்டில் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்கக் கூடாது. 40 வெள்ளியைப் பத்திரமாக வைத்திருங்கள், இரண்டு வருடம் கழித்து வாருங்கள்.

ஜெலுத்தோங் வாசகி: வைன் திராட்சைச் சாறுதானே, சைவம்தானே?

நல்ல கேள்வி, யாரும் கேட்பதில்லை. புளித்து முடிந்த வைன் கலங்கலாக இருக்கும். அதைத் தெளியவைக்கச் சிலர் முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பார்கள், சிலர் பால்புரதம், சிலர் மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஒரு பசை. கலங்கலைப் பிடித்துக்கொண்டு அடியில் படிந்ததும் மேலே உள்ளதை மட்டும் எடுத்துவிடுவார்கள். போத்தலில் மீன் மிதக்காது, ஆனால் மனசுக்கு ஒப்புமா என்பது உங்கள் பாடு. பெண்டோனைட் என்ற களிமண்ணால் தெளியவைப்பவர்களும் உண்டு. பின்பக்க லேபிளில் 'வீகன்' என்றிருந்தால் கவலையில்லை.

பூச்சோங் வாசகர்: தாத்தா ரிட்டையர் ஆனப்போ குடுத்த போத்தல், இருபது வருசமா ஷோகேஸ்ல நிக்குது. பழசானா விலை ஏறும்ல?

ஏறாது. பெரும்பாலான வைன் சில வருடங்களுக்குள் குடித்துவிடவே செய்யப்படுகிறது. காக்கவேண்டிய வைனுக்கும் இருட்டும் ஒரே சீரான குளிர்ச்சியும் வேண்டும். நம் ஷோகேஸில் பகல் வெயில், ராத்திரி மின்விளக்கு, பக்கத்தில் பேட்மிண்டன் கோப்பை. சமையலுக்கும் ஆகாது. தாத்தா ஞாபகமாக நிற்கட்டும்.

கிள்ளான் அண்ணன்: முப்பது வருசமா ஆட்டுப் பிரட்டலுக்கு ஷிராஸ்தான் குடிக்கிறேன். கறிக்குச் சிவப்பு, மீனுக்கு வெள்ளை, உலகத்துக்கே தெரியும். நீங்க எல்லாருக்கும் இனிப்புத் தண்ணியைக் காட்டுறீங்க.

அண்ணே, அந்த விதி உப்பும் கொழுப்புமாகச் சுட்ட கறிக்கு. அங்கே கறி துவர்ப்பை அடக்கும், ஒத்துக்கொள்கிறேன். நம் பிரட்டலில் மிளகாய் இருக்கிறது. நாக்கில் காரத்தை உணரும் அதே இடத்தை ஆல்கஹாலும் சீண்டும். ஆஸ்திரேலியா பரோசா ஷிராஸ் பல 14, 14.5 சதவீதம். எரிகிற வீட்டில் எண்ணெய்தான். குளிர்ந்த, கொஞ்சம் இனித்த ரீஸ்லிங் அணைக்கும்.

கிள்ளான் அண்ணன்: எனக்கு எரியணும். அணைக்கிறதுக்கா பிரட்டல் சாப்பிடுறோம்?

இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன்: மிளகாயைக் குறைத்து மிளகு தூக்கலாக வறுத்த ஆட்டுக்கறி என்றால் ஷிராஸ் சரி. அதில் வரும் மிளகு வாசம் கற்பனை இல்லை. ரோட்டண்டோன் என்ற ஒரே பொருள்தான் மிளகிலும் இருக்கிறது, ஷிராஸ் திராட்சையிலும் இருக்கிறது.

ஆயர் ஈத்தாம் வாசகர்: ரெண்டு பேரும் விடுங்க. கள்ளுதான் நம்ம வைன். வெள்ளைக்காரனே 'பாம் வைன்'னுதானே சொல்றான்?

சொல்கிறான். காற்றிலும் கலயத்திலும் இருக்கிற ஈஸ்ட் மரத்திலேயே வேலையைத் தொடங்கிவிடுகிறது, இறக்கும்போதே நுரைக்கும். ஆனால் மறுநாள் காடியாகிவிடும். கடல் தாண்டி வருகிற அளவுக்கு ஆல்கஹால் அதில் இல்லை. ருசியைக் குறை சொல்லவில்லை.

கிள்ளான் அண்ணன்: கள்ளைப் பத்தி எங்க ஊர்ல பேசாதீங்க. எங்க தாத்தா சம்பளத்தையே அந்தக் கடையிலதான் குடுத்தாரு.

இதில் அண்ணன் பக்கம்தான் நான். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கேட்டவற்றில், தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடு என்பதும் ஒன்று. வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழியவேண்டும் என்பதும் அதே பட்டியலில் இருந்தது. குடிக்கிற நாம் இதைத் தெரிந்துகொண்டே குடிக்கலாம்.

ஆயர் ஈத்தாம் வாசகர்: நான் ருசியைச் சொன்னேன், நீங்க சரித்திரத்தை எடுத்துட்டீங்க.

கள் வழக்கு இதோடு முடிந்தது. வைனுக்கு வாருங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகர்: ஸ்வீட்டா ஏதாவது?

பட்டர்வொர்த் அக்காவுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

செராஸ் வாசகி: தீபாவளிக்கு வர்றவங்களுக்கு முறுக்கோட ஷாம்பெயின் வைக்கலாமா?

பிரமாதமான ஜோடி! பொரித்ததன் எண்ணெயை நுரையும் புளிப்பும் கழுவிவிடும். ஆனால் ஷாம்பெயின் என்றால் பிரான்சின் அந்தப் பகுதியில் செய்தது மட்டும், விலையும் அதற்கேற்ப. அதேபோல் நுரைக்கிற ஸ்பெயினின் காவா வாங்குங்கள், இத்தாலியின் ப்ரோசெக்கோவும் நன்றாக இருக்கும். லேபிளில் 'ப்ரூட்' என்று பாருங்கள், இனிப்பு குறைந்தது என்று அர்த்தம். 'எக்ஸ்ட்ரா ட்ரை' என்பது பெயருக்கு நேர்மாறாக ப்ரூட்டைவிட இனிப்பு. அதிரசம், லட்டுக்கு ப்ரூட் வேண்டாம். இனிப்புக்கு முன்னால் வைன் வெறும் புளித்தண்ணி. அதற்கு மொஸ்காட்டோ.

பங்சார் வாசகர்: விலை கூடினா நல்ல வைன்தானே?

60 வெள்ளிக்கும் 600 வெள்ளிக்கும் வித்தியாசம் உண்டு. அதைக் கண்டுபிடிக்கும் நாக்கு உங்களுக்கு இன்னும் வரவில்லை. வந்தபின் செலவு செய்யுங்கள்.

சுபாங் வாசகர்: ரெண்டு கிளாஸ் தானே, வீட்டுக்கு ஓட்டிட்டுப் போகலாமா?

கூடாது. 2020-இல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள்: 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 50 மில்லிகிராம்தான் வரம்பு, முன்பு 80. முதல் தடவைக்கே 10,000 வெள்ளியிலிருந்து 30,000 வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறையும் உண்டு. கிராப் வாடகைக் கார் கூப்பிடுங்கள். சாவியை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்புங்கள். வாங்கிய போத்தலையும் வெயிலில் நிற்கும் காரில் விடாதீர்கள், வெந்துவிடும்.

ராவாங் வாசகர்: சிவப்பு வைனை ஐஸ்பெட்டியில் வைத்தால் கெட்டுப்போகாதா?

தலைப்பைப் படியுங்கள்.

கெப்போங் வாசகர்: அண்ணே, கொஞ்சம் ஸ்வீட்டா...

மொஸ்காட்டோ தம்பி. மொஸ்காட்டோ. எனக்கும் பிரட்டல் ஆறுகிறது, போய்வருகிறேன்.

கிள்ளான் அண்ணன்: என்ன குடிக்கப் போறீங்க?

ரீஸ்லிங். ஐஸ்பெட்டியில் ஒரு ஷிராஸும் இருக்கிறது.