திராட்சையும் ஒயினும் படிக்க விரும்பும் மகள்: காவேரிப்பட்டினத்துத் தந்தை ஒருவருக்கு மறுமொழி

அன்புள்ள ஐயா, வணக்கம்.

பிளஸ் டூ தேர்வெழுதி முடிவுக்குக் காத்திருக்கும் தங்கள் மகள், இயற்கை முறைத் திராட்சைச் சாகுபடியும் ஒயின் தயாரிப்பும் படிக்க விரும்புவதாகவும், "மாந்தோப்பில் நாம் பட்டது போதாதா, அதிலும் சாராயத் தொழிலா?" என்று வீட்டில் பேச்சு எழுந்திருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். தங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆயினும் மறுப்புச் சொல்வதற்கு முன், அது எத்தகைய படிப்பு என்று பார்த்துவிடுவது நல்லது.

இயற்கை முறை என்றால் மருந்தே தெளிக்காமல் விடுவது என்று பலர் எண்ணுகிறார்கள். திராட்சையில் அது நடக்காது. ஈரமான இரவுகள் சில தொடர்ந்தாலே இலையின் மேற்புறம் எண்ணெய்த் துளி பட்டதுபோல் மஞ்சளாகி, திருப்பிப் பார்த்தால் வெண்பூஞ்சை படர்ந்திருக்கும். அதுவே அடிச்சாம்பல் நோய். அதற்கு இயற்கை முறைக்கான அங்கக (ஆர்கானிக்) விதிகளும் அனுமதிக்கும் மருந்து, மயில்துத்தமும் சுண்ணாம்பும் தனித்தனியே கரைத்துச் சேர்க்கும் போர்டோக் கலவை. தீட்டிய அரிவாளை அதில் முக்கி எடுக்கும்போது செம்பு நிறம் படிந்தால், சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள். அப்படியே தெளித்தால் இலை கருகும். ஆனால் மயில்துத்தத்திலுள்ள தாமிரம் மண்ணில் சேர்ந்துகொண்டே போகும். ஆகவே ஐரோப்பிய ஒன்றியம் 7 ஆண்டுகளுக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ என்று வரம்பு கட்டியிருக்கிறது. அந்த வரம்புக்குள் தோட்டத்தைக் காக்க, எப்போது கவாத்து செய்வது, காற்றோட்டத்துக்கு எந்த இலையைக் கிள்ளுவது என்று அறிந்தவர்கள் வேண்டும். தங்கள் மகள் கற்கவிருப்பது இதைத்தான்.

ருடால்ஃப் ஸ்டைனர் 1924-இல் ஆற்றிய உரைகளிலிருந்து வளர்ந்த உயிராற்றல் (பயோடைனமிக்) வேளாண்மையையும் தங்கள் மகள் குறிப்பிட்டாராம். அதில் தொழு உரமும் கால்நடையும் பல்லுயிர்ப் பெருக்கமும் கற்கத் தக்கவை. பசுக்கொம்பில் சாணம் நிரப்பிப் புதைத்து எடுக்கும் தயாரிப்புக்குத் தனிப் பயன் உண்டென்று ஆய்வுகள் உறுதியாக நிறுவவில்லை என்பதையும் அவர் தெரிந்துகொண்டே படிக்கட்டும்.

ஒயின் செய்வது வேதியியலும் நுண்ணுயிரியலும் கலந்த வேலை. ஐரோப்பிய ஒன்றியத்தின் அங்கக விதிப்படி, சர்க்கரை மிகக் குறைந்த அங்ககச் சிவப்பு ஒயினில், கெடாமல் காக்கச் சேர்க்கும் சல்ஃபைட் லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. சாதாரண ஒயினுக்கு 150 வரை அனுமதி உண்டு. குறையும் அந்த 50 மில்லிகிராமைத் தூய்மையாலும் வெப்பநிலைக் கட்டுப்பாட்டாலும் ஈடுகட்ட வேண்டும். ஒயின் வேலைகள் பெரும்பாலும் நாசிக்கிலும் பெங்களூருவை அடுத்த நந்தி மலைப் பகுதியிலும்தான் உள்ளன. வீட்டில் அது ஒவ்வாதென்றால், உண்ணும் திராட்சை ஏற்றுமதி, உலர்திராட்சை, அங்ககச் சான்றளிப்பு ஆகியவற்றுக்கும் இதே படிப்பு உதவும்.

குறுகிய கால ஒயின் படிப்புகளில் இப்போதே சேர்க்க வேண்டாம். நான்காண்டு பி.எஸ்சி. தோட்டக்கலையே அடித்தளம். தங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஜீனூரிலேயே தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில், நீட் தேவையில்லை. பின்னர் பழவியலில் முதுகலை படித்தால், புனே மாஞ்சரியிலுள்ள தேசியத் திராட்சை ஆராய்ச்சி மையம் போன்ற இடங்களை எட்டிப் பார்க்கலாம்.

தேர்வு முடிவு வரும்வரை ஒரு வேலை கொடுங்கள். தங்கள் மாந்தோப்பில் என்ன மருந்து, எவ்வளவு, எந்தத் தேதியில், எந்த மரங்களுக்கு என்று அவரே நாள்தோறும் ஒரு நோட்டில் எழுதி வரட்டும். பல்லாண்டுப் பயிர் அங்ககச் சான்று பெற 3 ஆண்டு மாற்றக்காலம் ஆகும். அத்தனை நாளும் இந்தப் பதிவுதான் சாட்சி. சலிப்பின்றி எழுதுகிறாரா என்று பாருங்கள். விண்ணப்பிக்கும் முன் அந்த நோட்டோடு என்னிடம் அழைத்து வாருங்கள்.