வர்த்தகம் படித்த மகளுக்கு ஐ.டி. வேலையா?

அன்புள்ள அம்மா,

உயர்தரத்தில் கணக்கீடும் பொருளியலும் படித்த பிள்ளை, கோடிங் தெரியாமல் ஐ.டி. கம்பனிக்குப் போய் என்ன செய்வாள் என்று கேட்டிருந்தீர்கள். அவள் போக நினைக்கும் பிஸ்னஸ் அனலிஸ்ட் வேலை சேல்ஸ்தானே என்றும் ஒரு சந்தேகம். சேல்ஸ் இல்லை; வாடிக்கையாளருக்கு என்ன வேண்டும் என்று கேட்டறிந்து, புரோகிராமருக்குத் தெளிவாக எழுதிக் கொடுக்கும் வேலை. மற்றதைக் கொஞ்சம் விரிவாகத்தான் எழுத வேண்டும்.

போன கிழமை மகள் வந்தபோது அவளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் உங்கள் தம்பி, "வித்த சாமான் திரும்பி வந்தா கம்பியூட்டர்ல கழியணும்" என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள். இதைச் செய்யப்போகிற புரோகிராமருக்கு என்ன எழுதிக் கொடுப்பாய் என்றேன். மாமா சொன்ன அதே வரியை அழகான கையெழுத்தில் எழுதித் தந்தாள். சரி, கடையில் ஒரு மணித்தியாலம் நின்று பார்த்துவிட்டு வா என்று அனுப்பினேன்.

திரும்பி வரும்போது கொப்பியில் ஒன்றரைப் பக்கம். பில் இல்லாமல் கொண்டுவந்தால் எடுப்பதா? தீபாவளி விலைக்கழிவில் வாங்கியதைப் பொங்கலுக்குக் கொண்டுவந்தால் எந்த விலை? காசா, வேறு துணியா? மீற்றர் கணக்கில் வெட்டிய துணி? மாமா கடையில் இல்லாத நேரம் யார் சம்மதிப்பது? காசாளர், வராத சாமானை வந்ததாகப் பதிந்து காசை எடுத்தால் எப்படித் தெரியும்?

அந்தக் கடைசிக் கேள்வி கணக்கீடு படித்ததால் வந்தது. கோடிங் மட்டும் படித்த பிள்ளைக்கு அவ்வளவு சட்டென்று வந்திருக்குமா தெரியாது.

இந்த வேலையில் பாதி இதுதான். மாமாவிடம் பதில் வாங்கி, "பில் திகதியிலிருந்து 7 நாளுக்குள் வந்தால் வேறு துணி; பிந்தினால் முதலாளியின் அனுமதி" என்று, சரியா பிழையா என்று சோதித்துப் பார்க்கக்கூடிய வரிகளாக எழுதுவது. கம்பனிகளில், மாமாவுக்கு என்ன வேண்டும் என்று சுருக்கமாகச் சொல்லும் வரியை யூசர் ஸ்டோரி என்றும், அதன் கீழே வரும் இப்படியான நிபந்தனைகளை அக்செப்டன்ஸ் கிரைட்டீரியா என்றும் சொல்வார்கள். மற்றப் பாதி, செய்து முடித்ததை மாமாவை உட்காரவைத்து அவர் கையாலேயே ஓட்டிப் பார்ப்பது.

நானும் இந்த ஆலோசனைக் கதிரைக்கு வரும் முன் ஒரு கம்பனியில் இதே வேலைதான் பார்த்தேன். அமெரிக்க வாடிக்கையாளர் 03/04 என்று எழுதியதை ஏப்ரல் 3 என்று எடுத்துக்கொண்டேன். அவர்களுக்கு அது மார்ச் 4. கோடில் ஒரு பிழையும் இல்லை, அறிக்கை மட்டும் முழுக்கப் பிழை. ஏச்சு எனக்குத்தான், நியாயமான ஏச்சு.

கோடிங் எழுதத் தேவையில்லை. ஆனால் எக்செல் நன்றாக வர வேண்டும், தரவுத்தளத்தில் தேடுமளவுக்கு எஸ்.கியூ.எல். என்ற கணினி மொழி தெரிய வேண்டும். இரண்டையும் வீட்டிலிருந்தே பழகலாம். அவளுக்கு இடறுவது ஆங்கில எழுத்து. வெள்ளவத்தையில் வளர்ந்தவள், பஸ்ஸிலும் கடையிலும் பழகிய சிங்களம் கையில் இருக்கிறது. உள்ளூர் வங்கி, காப்புறுதி வேலைகளில் அது பெரிய பலம். ஆவணம் எழுதுவது என்னவோ ஆங்கிலத்தில்தான். தினமும் அரைப் பக்கம் எழுதச் சொல்லுங்கள்: வங்கியில் கணக்குத் திறப்பது எப்படி, லேப் ரிப்போர்ட் எடுப்பது எப்படி என்று.

பட்டம் வேண்டும். களனிப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவமும் தகவல் தொழில்நுட்பமும் சேர்ந்த பட்டமே இருக்கிறது. எந்தப் பாடநெறிக்கு எந்தப் பாடங்கள் வேண்டும் என்பதைப் பக்கத்து வீட்டில் கேட்காமல், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலில் பாருங்கள். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் ஸ்கோர் எட்டாவிட்டால், கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பி.ஐ.டி. என்ற தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டம் 2000ஆம் ஆண்டு முதல் நடக்கிறது, வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம்.

சான்றிதழ் என்று சொல்லி யாராவது பெரிய தொகை கேட்டால் கொடுக்க வேண்டாம். ஐ.ஐ.பி.ஏ. என்ற, பிஸ்னஸ் அனலிஸ்டுகளுக்கான சர்வதேச அமைப்பின் சி.பி.ஏ.பி. சான்றிதழுக்கு விண்ணப்பிக்கவே 7,500 மணித்தியால அனுபவம் கேட்கிறார்கள். உயர்தரம் முடித்த பிள்ளைக்கு அதை விற்க வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இரவு வேலையா என்று கேட்டீர்களே. அது வாடிக்கையாளர் இருக்கும் நாட்டைப் பொறுத்தது. லண்டனில் காலை 9 மணி என்றால் நமக்குப் பிற்பகல் 1.30 அல்லது 2.30, பெரிய தொல்லை இல்லை. நியூயோர்க்கில் 9 என்றால் இங்கே மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. இண்டர்வியூவிலேயே கேட்கலாம், கூச்சப்பட ஒன்றுமில்லை.

சனிக்கிழமை அந்தக் கொப்பியோடு அனுப்புங்கள். வெட்டிய துணிக்கு மாமா என்ன சொன்னார் என்பதை அவள் இன்னும் எழுதவில்லை.